பெருநாள் வரைக்கும் பொறு

காராங்வுனி, 7 மார்ச் 2019

யூ ருஸ்மினி,

பன்னிரண்டு வருஷமாக உன்னை யூ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. கூடப் பிறக்காத அக்காவை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. பிடிக்காவிட்டால் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் படி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. என் கைபேசி போலீஸிடம் இருக்கிறது. முந்தாநாள் சம்மன் வந்தது, போனேன். நீ முதல் தேதியே புகார் கொடுத்துவிட்டாய் என்று அங்கேதான் தெரிந்தது. கைபேசியை வாங்கி பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினார்கள். சாட்சிப் பொருளாம். அம்மா படுக்கையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற படம் அதில்தான் இருக்கிறது. அதுவும் சாட்சியா என்று கேட்க நினைத்தேன்.

நான் பேஸ்புக்கில் எழுதினதைத் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"இத எழுதினது நீங்கதானேம்மா?"

"நான்தாங்க. ஆனா ரெண்டு மணி நேரத்துல அழிச்சிட்டேனே."

"நீங்க அழிச்சிட்டீங்க. பாத்தவங்க அழிக்கலையே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மின்தகவல் சட்டம், இருபத்தேழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. நாலு வருஷம் வரைக்கும் போகலாமாம். ஒரு மனுஷியைக் கீழே தள்ளிக் காலை உடைத்தால்கூட இவ்வளவு கிடைக்காது போலிருக்கிறது!

நான் எழுதினது தப்பு. அதை மறுக்கவில்லை. ஆனால் நீ செய்ததையும் ஒரு தடவை நினைத்துப் பார். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மத்தியானம், அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கம்பெனி வாசலுக்கே வந்து சொன்னார். நீ எங்கள் வரிசைக்கு மேற்பார்வை. கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஜப்பானுக்குப் போற பெட்டி நாலு மணிக்குக் கெளம்பணும், அது முடியட்டும் வார்சிதி" என்றாய். அம்மா இரண்டேகாலுக்குப் போய்விட்டாள். நான் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த இரண்டு மணி நேரமும் எவளோ ஒருத்தி கல்யாணத்துக்குப் போக ஒட்டு இமைக்கு முடி கட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் ஓதி முடித்து, எல்லோரும் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது எழுதினேன். அந்தி மக்ரிப் தொழுகை நேரத்தில் எழுதி, இரவு இஷா தொழுகை முடிந்ததும் அழித்தேன். அப்புறம் ஊர்த் தலைவர் அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்டு, தாளில் ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்தும் போட்டேன். நீயும் கை கொடுத்தாய். மெண்டோவான் பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டுவிட்டுத்தானே கலைந்தோம்? நம் ஊரில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகு எந்தச் சண்டை போலீஸுக்குப் போயிருக்கிறது?

கம்பெனி என்னை "வழக்கு முடியட்டும்" என்று அனுப்பிவிட்டது. வீட்டிலிருந்தே இமை கட்டுகிறேன். கட்டினதை வாங்கிப் போக வரும் தார்வென் அக்காவின் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். பதில் எழுத மனசிருந்தால் அதே வழி.

வார்சிதி


லோர், 15 மார்ச் 2019

வார்சிதிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மேனேஜரிடம் கேட்டேன். அவர் விடவில்லை. இதை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மேற்பார்வை என்றால் என்னவோ ராணி என்று நினைக்கிறீர்கள். மேலே இருந்து திட்டு, கீழே இருந்து சாபம், நடுவில் நான்.

நீ எழுதினதை இங்கே ஒரு தடவை எழுதுகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்று மாமியார் சொல்கிறார். "தாய் சாகும்போது மகளை விடாத கொலைகாரி இந்த ருஸ்மினி. மேனேஜர் மடியில உட்காந்து வாங்கின வேலை, அதான் இந்தத் திமிர்." லேசாகவில்லை.

முதல் வரியை நான் வாங்கிக்கொண்டிருப்பேன். சத்தியமாக. தாயை இழந்தவள், ஏசட்டும் என்று விட்டிருப்பேன். இரண்டாவது வரி ஏன் வார்சிதி?

இரண்டு மணி நேரம் என்கிறாய். ஒரு மணி நேரத்துக்குள் அது கொரியாவுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் அங்கே நம் ஊர்க்காரர்கள் நாலு பேரோடு ஒரே அறையில் இருக்கிறார். சோறு சாப்பிடும்போது ஒருத்தன் சத்தமாகப் படித்தானாம். ஸ்டாம்ப் ஒட்டின தாளைப் படமெடுத்து அனுப்பினேன். அவருக்குப் போதவில்லை.

"பொய்யா இருந்தா போலீஸுக்குப் போயிருப்பியே. ஏன் போகல? உண்மை வெளிய வரும்னு பயமா?"

"அவ அம்மா செத்த துக்கத்துல எழுதிட்டா. மன்னிப்பும் கேட்டுட்டா."

"புகார் குடுத்த சீட்டப் படமெடுத்து அனுப்பு. அப்பறம் பேசறேன்."

கொடுத்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். புகார் கொடுக்கும்வரை எட்டு நாள் அவர்களிடம்கூட அவர் பேசவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு மறைத்தேன் என்று ஆகக் கூடாது. வேறு ஆதாரம் இருக்கிறதா என்று போலீஸ் கேட்டார்கள். அந்த மன்னிப்புத் தாளைக் கொடுத்தேன். சமாதானம் ஆனதற்கு அத்தாட்சி என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். "இதுலதான் அவங்களே ஒத்துக்கிட்டாங்களே" என்று கோப்பில் முதல் தாளாக வைத்தார்கள்.

ருஸ்மினி


காராங்வுனி, 22 ஏப்ரல் 2019

யூ,

இப்போது நான் சந்தேக நபர் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவள். பதவி உயர்வு! திங்களும் வியாழனும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் நல்லவர்கள் நோன்பு வைக்கிற இரண்டு நாளையும் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வழியில் கேட்கிறவர்களிடம் புண்ணியம் சேர்க்கப் போகிறேன் என்று சொல்கிறேன்.

மொழி வல்லுநர் ஒருவரை வரவழைத்து நான் எழுதினதைக் காட்டிக் கருத்துக் கேட்டார்களாம். நானோ ஆறாம் வகுப்பு. என் இரண்டு வரிக்கு அவர் ஏழு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறார். "மடி" என்பது எதைக் குறிக்கும் என்று ஒரு பக்கம். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

இரண்டாவது வரி ஏன் என்று கேட்டிருந்தாய். ஒரு மாசமாக அதற்குப் பதில் தேடினேன். பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். கொலைகாரி என்று எழுதிவிட்டுப் பார்த்தேன், அது எனக்குப் போதவில்லை. அது உன்னைத் தொடாது என்று தோன்றியது. நீ வேலையில் கொலைகாரி மாதிரித்தானே இருப்பாய், அது உனக்குப் பெருமை என்று நினைத்தேன். எது உனக்கு வலிக்கும் என்று யோசித்து, தேடி எடுத்து எழுதினேன். எந்த வல்லுநரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. நீ மட்டும் தெரிந்துகொள்.

என் பிள்ளை சல்சாவுக்கு ஆறு வயசு முடிந்துவிட்டது. ஜூலையில் ஒன்றாம் வகுப்பு. அவள் அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது பாட்டியும் போய்விட்டாள், அவளுக்கு நான்தான் இருக்கிறேன். அவள் பெரியப்பா சுபார்னோ லாம்போங்கிலிருந்து பக்கத்து வீட்டுக் கைபேசிக்குக் கூப்பிட்டுப் பேசினான்.

"கேஸு என்னாச்சு?"

"நடக்குது அண்ணே."

"உள்ள போனேன்னா பிள்ளைய நான் கூட்டிட்டு வந்துருவேன். ஜெயிலுக்குப் போன பொம்பள கைல என் தம்பி ரத்தம் வளரக் கூடாது."

போடா என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. இப்போதெல்லாம் சொல்லத் தோன்றுவதை விழுங்கப் பழகிவிட்டேன், கொஞ்சம் தாமதமாக.

யூ, புகார் கொடுத்தவளே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம். ஸ்டேஷனில் ஒரு பெரியவர் சொன்னார். நீ மட்டும்தான் செய்ய முடியும். சிறை பெரிசில்லை, என்னால் இருக்க முடியும். பிள்ளை போய்விட்டால் இருக்க முடியாது. வேறு எதுவும் கேட்கவில்லை.

வார்சிதி


லோர், 14 மே 2019

வார்சிதி,

நோன்பு எப்படிப் போகிறது? சல்சா பாதி நோன்பு வைக்கிறாள் என்று தார்வென் அக்கா சொன்னாள். என் சின்னவன் மத்தியானம் சமையலறையில் ஒளிந்து சோற்றுச் சட்டி மூடியைத் திறக்கிறான்.

உன் ஏப்ரல் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் யோசித்தேன். இரண்டாவது வரியைப் பற்றி நீ எழுதினது கசப்பாக இருந்தது. ஆனால் யாரும் எனக்கு இவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை. எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது வேண்டாம்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனால் நாளைக்கே போய்ச் செய்ய முடியாது, புரிந்துகொள். என் வீட்டுக்காரர் "புகார ஏன் திரும்ப வாங்கின? அப்ப அது நெசமா?" என்று கேட்பார். மாமியார் வேறு பக்கத்திலேயே இருக்கிறார். காரணமில்லாமல் நான் இறங்கி வந்தால் எல்லோருக்கும் அது ஒரு மாதிரித்தான் தெரியும். பெருநாள் வரைக்கும் பொறு. பெருநாளுக்கு நீ வீட்டுக்கு வா, எல்லோர் முன்னாலும் வந்து கை கொடு. அன்றைக்கு வந்தவரை மன்னிக்காமல் அனுப்பினால் என்மேல்தான் தப்பு. கொரியாவில் இருக்கிறவரும் அதற்குமேல் ஒன்றும் பேச முடியாது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் யாரும் யாரிடமும் காரணம் கேட்க மாட்டார்கள். விடுமுறை முடிந்து ஸ்டேஷன் திறந்ததும் முதல் ஆளாகப் போகிறேன்.

இன்னும் மூன்று வாரம்தானே.

ருஸ்மினி


காராங்வுனி, 19 மே 2019

யூ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நோன்பு திறக்கிற நேரம் வரை அழுதேன். சல்சா பயந்துபோய் "அம்மா, நோன்பு முறிஞ்சிருமே" என்றாள்.

தெருத் தலைவர், உடனே போய் ருஸ்மினி காலில் விழு, தள்ளிப் போடாதே என்கிறார். எனக்கு நீ சொல்வதுதான் சரியென்று படுகிறது. பெருநாளுக்கு முன்னால் வந்தால் போலீஸுக்குப் பயந்து வந்ததாக இருக்கும். பெருநாளுக்கு வந்தால் மனுஷியாக வந்ததாக இருக்கும். வருகிறேன். சல்சாவையும் அழைத்து வருகிறேன்.

வார்சிதி


லோர், 11 ஜூன் 2019

வார்சிதி,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேரில் வந்து சொல்லக் கால் வரவில்லை.

நேற்று ஸ்டேஷன் திறந்தது. எட்டு மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டேன். திரும்ப வாங்கிக்கொள்வதாகத் தாள் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனேன். உன் கேஸைப் பார்க்கிற அந்தச் சின்ன வயசு அதிகாரி தாளைப் படித்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எண்ணினார்.

"புகார் தேதி மார்ச் ஒண்ணும்மா. திரும்ப வாங்க மூணு மாசம்தான் டைம். மே மாசத்தோட முடிஞ்சுபோச்சே."

"பத்து நாள்தானேங்க. நடுவுல பெருநாள் லீவு."

"சட்டத்துக்குப் பெருநாள் இல்லம்மா. கோப்பு அரசு வக்கீல்கிட்டப் போயாச்சு. இப்ப இது உங்க கேஸு இல்ல, அரசாங்கத்தோட கேஸு."

"நான் மன்னிச்சிட்டேங்க. எனக்குத்தானே அவமானம் ஆச்சு? நானே மன்னிச்சிட்டேன்."

"மன்னிங்க, நல்ல விஷயந்தான். கோர்ட்ல சொல்லுங்க, தண்டனை கொறையும்."

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். உண்மைதான், நான் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. பெருநாள் என்றால் எல்லோருக்கும் பெருநாள் என்று நினைத்தேன். அரசு வக்கீல் அலுவலகத்துக்கும் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு நீ சல்சாவோடு வந்து என் மாமியார் கையை முத்தமிட்டபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்று எவ்வளவு நிம்மதியாக இருந்தேன். சல்சா ஓலையில் வேகவைத்த கெத்துப்பாட்டுச் சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அப்போதே காலம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் நான் மேனேஜரிடம் கேட்கவே இல்லை. அவர் அறைக் கதவுவரை போனேன். உள்ளே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உன்னிடம் முடியாதென்று சொன்னேன். மேற்பார்வை வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது, பயந்துவிட்டேன். கேட்டிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. நீ எழுதின முதல் வரியில் பொய் இல்லை.

ருஸ்மினி


காராங்வுனி, 26 ஜூன் 2019

யூ ருஸ்மினி,

மே முப்பத்தொன்றாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? உன் வீட்டுக்குக் கொண்டுவர அன்னாசி பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தேன். சல்சா ஒவ்வொன்றின்மேலும் ஒரு கிராம்பு குத்தினாள். உன் வீட்டிலிருந்து ஸ்டேஷன் பத்து நிமிஷம். மோட்டார்சைக்கிளில் ஆறு நிமிஷம். எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அவ்வளவுதான் வருகிறது.

உன்மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை, ஏனென்றால் நானும் சரியென்றுதானே எழுதினேன். தெருத் தலைவர் உடனே போ என்றார், நான்தான் அவருக்கு மானத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

ஆனால் கதவுவரை போனதைச் சொல்லியிருக்க வேண்டாம். அது உன் மனசைக் கழுவிக்கொள்ள எழுதினது. எனக்கு அதனால் என்ன லாபம்? இத்தனை நாள் அம்மாவைப் பார்க்க விடாதவன் முகம் தெரியாத அந்த வெளிநாட்டு மேனேஜர். இனி அந்த இடத்தில் உன் முகம்தான் இருக்கும். நீ சாதாரணமாகப் பயந்ததனால் என்று நினைக்கும்போது அம்மாவின் சாவே சின்னதாகப் போய்விட்டது போல இருக்கிறது.

போகட்டும். உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். அங்கே இதையெல்லாம் சொல்லித் தொலைக்காதே, உன் வேலையும் போகும். ஒரே ஒரு காரியம் செய். எனக்குத் தண்டனை வந்தால் சல்சாவை உன்னோடு வைத்துக்கொள். பள்ளிக்கூடம் உன் வீட்டுக்குப் பக்கம்தான். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உன்னை விட்டால் கேட்க எனக்கு ஆளில்லை.

வார்சிதி


சிறை, பெண்கள் பகுதி, 9 அக்டோபர் 2019

யூ,

இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். வணக்கம் ஐயா, தப்பாக ஒன்றும் எழுதவில்லை.

ஐந்து மாசம் என்று தீர்ப்புச் சொன்னபோது நீ அழுதது எனக்குக் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. நீதிபதி அம்மா நல்லவர்தான். "மன்னிப்பைக் கருத்தில் கொள்கிறோம்" என்றார். ஆனால் அந்த ஸ்டாம்ப் ஒட்டின தாளை வாசித்தார்களே, என் வாயாலேயே நான் குற்றவாளி என்று, அப்போதுதான் எனக்கு உள்ளே எல்லாம் அடங்கிப்போனது.

அறையில் பதினொரு பேர். எல்லோருக்கும் சட்டம் மனப்பாடம். ஒருத்தி, தன் மகனுடைய பள்ளி வாத்தியாரைப் பற்றி எழுதினவள். அவளும் அழித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

சல்சாவுக்கு முட்டை மஞ்சள் கரு பிடிக்காது. தலை பின்னும்போது இழுக்காதே, கத்த மாட்டாள், ஆனால் நாள் முழுக்கப் பேச மாட்டாள். அம்மா எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லாதே, உண்மையைச் சொல். வேறு எவர் வாயிலிருந்தாவது வருவதைவிட அது மேல். இங்கே அழைத்து வரவேண்டாம்.

எத்தனையாவது எழுத்தில் இருக்கிறாள் என்று எழுது.

வார்சிதி


லோர், 30 அக்டோபர் 2019

வார்சிதி,

மன்னித்துவிடு. மன்னித்துவிடு என்று தொடங்கக் கூடாதென்று நினைத்தேன், வேறு வார்த்தை இல்லை.

சுபார்னோ வந்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, லாம்போங்கிலிருந்து காரெடுத்துக்கொண்டு, மனைவியோடு. கையில் குடும்ப அட்டை, தம்பியின் இறப்புச் சான்றிதழ், உன் தீர்ப்பின் நகல். தலைமையாசிரியை எனக்கு ஆளனுப்பினார். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"பிள்ளைய அவ அம்மா என்கிட்டதான் விட்டிருக்கா" என்றேன்.

"எழுத்துல இருக்கா?"

"இல்ல. ஆனா..."

"நீ யாரு? இந்தத் தாள்ல உன் பேரு இருக்கு, பாரு. பாதிக்கப்பட்டவர் ருஸ்மினி. அவள உள்ள அனுப்பினதே நீதான். இப்ப பிள்ளைய வளக்கப் போறியா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைக்குத் தகப்பன் வழி ஆள்தானே பொறுப்பு என்று பள்ளியிலும் சொல்லிவிட்டார்கள். ஊர்த் தலைவரிடம் ஓடினேன். நான் திரும்புவதற்குள் கார் போய்விட்டது. அவள் துணிகளைக்கூட வாங்கிப் போகவில்லை. இங்கே மடித்து வைத்திருக்கிறேன்.

சல்சா அழவில்லை. என்னைப் பார்த்து "யூ வரலையா?" என்று கேட்டாள். நீ கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கொரியாவில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் தீர்ப்புச் செய்தியில் நீ எழுதின இரண்டு வரியையும் அப்படியே போட்டிருந்தார்கள். அன்றைக்கு நாற்பது பேர் படித்தது, இப்போது மாவட்டம் முழுக்கப் படித்தாகிவிட்டது. என் பெயரைச் சுத்தம் பண்ணத்தானே இவ்வளவும்!

வார்சிதி, என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ருஸ்மினி


சிறை, பெண்கள் பகுதி, 24 நவம்பர் 2019

யூ,

நீ செய்தது எனக்குத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை பார்வையாளர் என்று கூப்பிட்டார்கள். நீ என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு போனேன். சுபார்னோ உட்கார்ந்திருந்தான். இருபது மணி நேரம் பஸ்ஸில் வந்தானாம். ஒரு தாளை மேசைமேல் வைத்தான். சல்சா புதுச் சீருடையில், புதுப் பள்ளி வாசலில் நிற்கிற படம். பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். தலையை இழுத்துப் பின்னியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உன் பெயர், நீ எழுதின வரிகள். "பிள்ளை திருடன். அநாதைப் பிள்ளைக்கு அப்பன் விட்டுப்போன வீட்டைப் பிடுங்க இதைச் செய்கிறான். இவன் தம்பியைக் கொன்றதும் இவனாகத்தான் இருக்கும்."

என் வீட்டுக்காரர் டெங்குவில் போனது உனக்குத் தெரியும். நீதானே ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தாய். ஏன் யூ? பிள்ளை திருடன் என்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

எனக்குப் பதில் தெரியும். போதவில்லை, அவ்வளவுதான்.

"இவ மேல இன்னும் புகார் குடுக்கல. குடுக்கணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றான்.

"வேண்டாம் அண்ணே."

"அப்ப இதுல கையெழுத்துப் போடு."

இன்னொரு தாள். சல்சா ஆறாம் வகுப்பு முடிக்கிறவரை அவன் வீட்டில்தான் இருப்பாள். நான் பெருநாளுக்கு மட்டும் போய்ப் பார்க்கலாம். கூட்டிக்கொண்டு போகக் கேட்கக் கூடாது. ஸ்டாம்ப் ஒட்டியே கொண்டுவந்திருந்தான்.

அறைக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். பார்வை நேரம் அரை மணிதான் என்று காவலர் சொன்னார். அங்கேயே யோசித்தேன். நான் கையெழுத்துப் போடாவிட்டால் பிப்ரவரியில் வெளியே வந்து அவனோடு வழக்காடலாம். ஜெயித்தாலும் ஜெயிப்பேன். ஆனால் அதற்குள் நீ இங்கே வந்திருப்பாய். உன் வீட்டுக்காரர் இப்படியிருக்க உன் இரண்டு பிள்ளைகளையும் யார் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராவது வருவார்கள். எல்லோருக்கும் ஒரு சுபார்னோ இருக்கிறான். இங்கே பதினொரு பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உனக்காக என்று பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு நாள் மன்னிக்கிறேன், மறுநாள் முடியவில்லை. அந்தச் சின்னப் பையன் மத்தியானம் சமையலறையில் மூடியைத் திறக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அது ஞாபகத்துக்கு வந்தது, போட்டுவிட்டேன். போட்ட கை இன்னும் என் கைதானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் வாக்கு மாறலாம். அதனால் நீயே அவனிடம் போ. பெருநாளைப் பார்த்துக்கொண்டிருக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே லாம்போங் பஸ் ஏறு. அவன் காலில் விழச் சொன்னாலும் விழு. சல்சாவைப் பார்க்க விட்டால் பார். விடாவிட்டால் வாசலில் சத்தம் போடாதே, திரும்பி வந்துவிடு.

நீ எழுதினதை அழித்துவிடு. அழித்தாலும் போகாது, தெரியும். ஆனாலும் இன்றைக்கே அழித்துவிடு. சல்சா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாளாம்.

வார்சிதி